கள்ளக் கடவுச்சீட்டு வழக்கும் தண்டனை நாளும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஹவுன்ஸ்லோவாசி

அக்காவின் மகன் மாணவர் விசாவில் லண்டனுக்கு வந்தவன். படித்த கல்லூரியின் உரிமம் பறிபோனதும் அவனுடைய விசாவும் போயிற்று. தலைமாற்றிய, அதாவது வேறொருவருடையதில் தன் படத்தை மாற்றி ஒட்டிய, பிரெஞ்சுக் கடவுச்சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, உணவு பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். இது நம்மில் பலருக்கும் தெரிந்த கதை என்பதால் பிடிபட்ட விதத்தை எழுதாமல் விடுகிறேன். 2010ஆம் ஆண்டின் அடையாள ஆவணங்கள் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ், தகாத நோக்கத்தோடு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டினார்கள். அதற்கு உச்சத் தண்டனை 10 ஆண்டுகள். தகுந்த காரணமின்றி வைத்திருந்தார் என்று மட்டும் சொல்லும், 2 ஆண்டுகளை உச்சமாகக் கொண்ட 6ஆம் பிரிவுக்கு மாற்றும்படி எங்கள் சட்டத்தரணி கேட்டுப் பார்த்தார். அரசுத் தரப்பு இணங்கவில்லை. முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

தண்டனை நாளன்று கிரவுன் நீதிமன்றத்தில் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். பதிவாளர் அவனை எழுந்து நிற்கச் சொல்லிப் பெயரைக் கேட்டார். அவன் தயங்காமல், குரல் நடுங்காமல், அந்தக் கடவுச்சீட்டில் இருந்த பெயரைச் சொன்னான். தொழிற்சாலையில் நாள் முழுவதும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். சொன்ன அடுத்த நொடியே திருத்திக்கொண்டான் என்றாலும், எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்கள் பாரிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதிபதி சிரிக்கவில்லை; பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்.

தண்டனையை விதிக்கும்போது, இந்த அடையாளத்தை நீண்ட காலம் பயன்படுத்தியிருக்கிறார் என்பதைக் குற்றத்தைப் பாரதூரமாக்கும் காரணமாகக் குறிப்பிட்டு, 8 மாதம் என்றார். வேலைக்காக மட்டும் பயன்படுத்தியதால்தான் 12 மாதத்துக்குக் கீழே வந்தது, அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று பாரிஸ்டர் வெளியே வந்து சொன்னார். அவன் தண்டனையை முடித்து, தடுப்பு முகாமிலும் இருந்துவிட்டு, இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறான். அந்த 8 மாதத்தில் எத்தனை வாரம் அந்தப் பெயருக்காகக் கிடைத்தது என்பதுதான் இன்றும் என்னை அரிக்கிறது. நீதிமன்றங்களில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால், இப்படியானவற்றை நீதிபதிகள் கணக்கில் எடுப்பார்களா என்று சொல்லுங்கள்.

கரவெட்டியான்

ஹவுன்ஸ்லோவாசி அண்ணா, உங்கள் மருமகனுக்காவது 8 மாதம். எனக்குக் கிடைத்தது 12. நான் இங்கே வேலை செய்யவும் இல்லை, தங்கவும் வரவில்லை.

2009இல் கனடாவுக்குப் போவதற்காக ஏஜென்சிக்காரன் கொடுத்தது ஒரு மலேசியக் கடவுச்சீட்டு. ஹீத்ரோவில் விமானம் மாறும் வாயிலில் நின்ற அதிகாரி, என்னுடைய மலேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டார். அந்த இலக்கத்தின் முதல் ஆறு எண்களும் பிறந்த திகதி என்பதை ஏஜென்சிக்காரன் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் சொன்ன இலக்கம் ஒரு திகதியைக் காட்டியது. கடவுச்சீட்டு வேறு திகதியைக் காட்டியது. அதிகாரி கோபிக்கவில்லை. இரண்டு திகதிகளையும் ஒரு தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, என் பக்கம் திருப்பி வைத்தார். அவ்வளவுதான்.

அந்த வருடம் வன்னியில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கட்டணமில்லாச் சட்டத்தரணி ஒருவர் வந்தார். நான் உயிருக்குப் பயந்து வந்தவன் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னேன். அது உள்துறை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டிய விஷயம், இந்த வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று பதில் வந்தது. ஒப்புக்கொண்டேன். சிறைக்குள் இருந்த ஈரானியர் ஒருவர்தான், 1999ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் புகலிடச் சட்டத்தில் 31ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அகதிக்கு அது எதிர்வாதமாகும் என்று சொன்னார். அதற்கு முந்தின வருடம்தான், ஹீத்ரோவில் வாஷிங்டன் விமானத்துக்கு ஏறப்போன எத்தியோப்பியப் பெண் ஒருவரின் தண்டனையை, அப்போது இங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ரத்துச் செய்திருந்தது. அஸ்ஃபாவ் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். என்னுடைய கதைக்கும் அதற்கும் போகும் இடம் மட்டுமே வித்தியாசம்.

பிறகு எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. பல வருடம் கழித்து, காலம் கடந்த மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு, குற்றத்தீர்ப்பும் ரத்தானது. ரத்தான கடிதம் வந்த அன்று சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால் தெரியாது. அகதியாக வந்தவனுக்குக் கள்ளக் கடவுச்சீட்டுக்காகத் தண்டனையே கூடாது என்பது சட்டம். அதை என்னிடம் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

கோப்புக்காரன்

நான் ஒரு சட்ட நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவன். என் அனுபவம் சிறியது. பதினெட்டு வயதுகூட ஆகாதவன் போலத் தெரிந்த ஒருவர், தண்டனை கேட்டு முடித்துக் கீழே அறைக்கு அழைத்துச் செல்லப்படுமுன், 12 என்பது வாரமா மாதமா என்று என்னிடம் கேட்டார். பதில் சொல்வதற்குள் கதவை மூடிவிட்டார்கள். இனி, மேலே எழுதப்பட்டவற்றில் திருத்த வேண்டியவை சில இருக்கின்றன.

கரவெட்டியான், உங்கள் விஷயத்தில் நடந்தது அநியாயம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அகதிக்குத் தண்டனையே கூடாது என்று சட்டம் சொல்வதாக நீங்கள் எழுதியதை யாராவது வாசித்து நம்பிவிடக்கூடாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரையும் அப்படிச் சொல்லவில்லை. அதை அடியொற்றிய 31ஆம் பிரிவும் அப்படிச் சொல்லவில்லை. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ அச்சுறுத்தல் உள்ள நாட்டிலிருந்து நேரடியாக வந்திருக்க வேண்டும். தாமதமின்றி அதிகாரிகள் முன் தோன்றியிருக்க வேண்டும். சட்டவிரோதமாக வந்ததற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். வந்தபின் நியாயமாக முடிந்தவரை விரைவில் புகலிடம் கேட்டிருக்க வேண்டும். வழியில் வேறொரு நாட்டில் நின்றிருந்தால், அங்கே பாதுகாப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்திருக்க முடியாது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். 1999இல் வந்த அடிமி வழக்கின் தீர்ப்பு, வழியில் குறுகிய காலம் தங்கியவரையும் இந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டில் பாராளுமன்றம் எழுதிய பிரிவு அதைவிட இறுக்கமானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் குறிப்பிட்ட அஸ்ஃபாவ் வழக்கு 2008 மே மாதத்தில், ஐந்து பிரபுக்களில் மூவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாக முடிந்த வழக்கு. 2022ஆம் ஆண்டின் தேசிய இனம் மற்றும் எல்லைகள் சட்டம் அந்த வாசலை மூடிவிட்டது. ஐக்கிய இராச்சியத்தை விட்டு வெளியேற முயலும்போது செய்த குற்றத்துக்கு 31ஆம் பிரிவின் எதிர்வாதம் இனிமேல் பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். உங்களுக்கு நடந்தது அதற்குப் பிறகு நடந்திருந்தால், நல்ல சட்டத்தரணி இருந்தாலும் பலன் வேறாக இருந்திருக்கும்.

ஹவுன்ஸ்லோவாசி கேட்டதற்கு வருகிறேன். 1998இல் டல்ஜித் சிங் வழக்கில் இத்தகைய குற்றத்துக்கு 6 முதல் 9 மாதம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் வழிகாட்டியிருந்தது. 2004இல் கொலவோலே வழக்கில், உலக நடப்புகளால் மக்களிடம் கவலை கூடியிருப்பதைக் காரணம் காட்டி, முன்குற்றம் இல்லாதவர் ஒப்புக்கொண்டாலும் ஒரு கடவுச்சீட்டுக்கு 12 முதல் 18 மாதம் என்று உயர்த்தினார்கள். பிறகு 2009இல் ஓவியரியாக்கி வழக்கில், நாட்டுக்குள் நுழையப் பயன்படுத்துவதும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வேலைக்குக் காட்டுவதும் ஒன்றல்ல, பின்னதற்குக் குறைவாக விதிக்கலாம், ஆனால் சிறைதான் வழமை என்று பிரித்தார்கள். உங்கள் மருமகனின் 8 மாதம் அங்கிருந்து வந்தது. நீண்ட காலப் பயன்பாடு வேலைப் பதிவேடுகளிலேயே இருந்திருக்கும். அதற்காக அவர் வாய் திறக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

இவ்வழக்குகளில் 12 என்ற எண்ணைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் எல்லைகள் சட்டப்படி 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற வெளிநாட்டவர், விதிவிலக்குகளுக்குள் வராவிட்டால், கட்டாயம் நாடுகடத்தப்படுவார். அப்படியானால் 11 மாதம் கொடுங்கள் என்று நீதிபதியிடம் கெஞ்சலாமா என்று குடும்பத்தினர் கேட்பார்கள். கெஞ்ச முடியாது. நாடுகடத்தலைத் தவிர்ப்பதற்காகத் தண்டனையைக் குறைப்பது தவறு என்று 2011இல் மின்ட்செவ் வழக்கில் சொல்லிவிட்டார்கள். மேலும், 2022க்குப் பிறகு, 12 மாதத் தண்டனை அகதிப் பாதுகாப்பையே அசைக்கக்கூடிய பாரதூரமான குற்றமாகக் கொள்ளப்படுகிறது. முன்பு அந்த எல்லை 2 ஆண்டுகளாக இருந்தது. ஆகவே முதல் தவணையில், ஒப்புக்கொள்வதா இல்லையா என்று வாய் திறப்பதற்கு முன்பே, புகலிடக் கோரிக்கை இருக்கிறது, 31ஆம் பிரிவைப் பார்த்தீர்களா என்று சட்டத்தரணியிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயணச்சீட்டு, ஏறும் அட்டை, ஏஜென்சிக்காரனோடு பேசிய செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். விமானத்திலேயே கடவுச்சீட்டைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டால் தப்பலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஆவணமின்றி வந்து நிற்பதையே 2004ஆம் ஆண்டின் சட்டம் தனிக் குற்றமாக்கி, அதற்கு 2 ஆண்டுகள் வரை வைத்திருக்கிறது.

பதினோராவது நாற்காலி

கோப்புக்காரன் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் ஜூரராக இருந்த ஒரு வழக்கைப் பற்றி எழுதுகிறேன். அறைக்குள் நாங்கள் பேசியதை வெளியே சொல்வது குற்றம் என்பதால், திறந்த மன்றத்தில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் கடவுச்சீட்டை, இலக்கம் ஒட்டிய கண்ணாடிப் பைக்குள் வைத்து எங்களிடம் கையோடு கையாகக் கொடுத்தார்கள். அட்டை தேய்ந்து, ஓரத்தில் நூல் பிரிந்து, பல காலம் ஒருவர் பையில் கிடந்த மாதிரி இருந்தது. ஆவண நிபுணர் புற ஊதா விளக்கின் கீழ் எடுத்த இரண்டு படங்களைக் காட்டினார். உண்மைக் கடவுச்சீட்டின் தாள் மங்கலாகக் கிடக்க, அதில் அச்சிட்ட உருவங்கள் மட்டும் ஒளிர்ந்தன. இதிலோ, கடையில் வாங்கும் சாதாரணத் தாளுக்கு வெண்மை ஏற்றுவதற்காகச் சேர்க்கும் பொருளால், பக்கம் முழுவதும் நீல வெள்ளையாகப் பளிச்சிட்டது. குற்றவாளிக் கூண்டில் இருந்த பெண்மணி, தன்னுடைய படம் இருந்த அந்தப் பக்கத்தை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பவர் போல எட்டிப் பார்த்தார். நெடுகிலும் கடவுச்சீட்டு ஏஜென்சிக்காரன் கையில்தான் இருந்தது, வரிசையில் நிற்கும்போதுதான் தந்தான் என்பதுதான் அவருடைய வாதம். பாரிஸில் இருந்த நாட்கள் பற்றிய குறுக்கு விசாரணைக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

ஜூரர்கள் அதன்பின் வீட்டுக்குப் போகலாம். நான் போகவில்லை, தண்டனையைக் கேட்பதற்காக மேலே போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். 15 மாதம். ஒப்புக்கொண்டிருந்தால் குறைந்திருக்கும் என்று நீதிபதி சொன்னபோது, அந்தப் பெண்மணி எட்டிப் பார்த்ததுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அது நடிப்பென்று நான் இன்றும் நினைக்கவில்லை.

பரங்கிமலை

சென்னையிலிருந்து எழுதுகிறேன். உங்களுடைய விவாதம் முழுக்க எத்தனை மாதம் என்பதிலேயே நிற்கிறது. இங்கே அது பாதிக் கதைதான்.

இந்தியாவில் 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவில், இந்தியருக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இந்தியக் குடிமகன் அல்லாதவர் போலி பாஸ்போர்ட் வைத்திருந்தாலோ, குடியுரிமையை மறைத்து பாஸ்போர்ட் வாங்கினாலோ, குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போக நடுவருக்கு வழியில்லை. 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் போலி ஆவணத்தோடு நுழைவதற்கு 2 முதல் 7 ஆண்டு என்றும், அபராதம் 1 லட்சம் முதல் 10 லட்சம் என்றும் வைத்திருக்கிறது. மோசடி, போலி ஆவணப் பிரிவுகளையும் கூடவே சேர்ப்பார்கள் என்பதால் நபரைப் பொறுத்துத் தண்டனை எங்கேயோ போய் நிற்கும். மும்பை நிழலுலக தாதா சோட்டா ராஜனுக்கு 2017இல் டெல்லி சிறப்பு நீதிமன்றம் போலி பாஸ்போர்ட்டுக்காக மட்டும் 7 ஆண்டு கொடுத்தது. அதை வழங்கிய வழக்கில் ஓய்வுபெற்ற பாஸ்போர்ட் அலுவலக ஊழியர்கள் மூவருக்கும் அதே 7 ஆண்டு. நடிகை மோனிகா பேடிக்கு ஹைதராபாத்தில் விதித்த 5 ஆண்டை உயர் நீதிமன்றம் 3 ஆக்கியது. 2010இல் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே இருந்த காலமே போதும் என்று முடித்தது.

நான் பார்த்தவர் இலங்கைத் தமிழர். ராமேசுவரம் வழியாக வந்து, இங்கேயே கல்யாணம் செய்து, இந்திய பாஸ்போர்ட் எடுத்து, ஐரோப்பாவுக்குப் போகும்போது விமான நிலையத்தில் மாட்டியவர். வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பதால் அது வரும்வரை வாய்தாமேல் வாய்தா. ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் ஓராண்டுக்கு மேல் உள்ளேயே கிடந்தார். கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இருந்த காலத்தைக் கழித்து அன்றே தண்டனை முடிந்தது. சாயங்காலம் சிறை வாசலில் அவருடைய மனைவி புதுச் சட்டையும் சாப்பாட்டுப் பொட்டலமும் வைத்துக்கொண்டு நின்றார். அவர் வெளியே வந்தார். இரண்டு போலீஸார் அவரை அப்படியே வேனில் ஏற்றினார்கள். சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோக உத்தரவு இருந்தது. சட்டையை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டார். பொட்டலத்தைக் காவலர் வாங்க விடவில்லை. தண்டனை முடிந்த வெளிநாட்டவரை அனுப்பிவைக்கும்வரை இப்படி முகாமில் அடைக்கலாம் என்பதற்கு அரசாணை இருக்கிறது; அங்கே எத்தனை மாதம் என்று எந்த நீதிபதியும் சொல்வதில்லை. கோப்புக்காரன் சார் 12 என்ற எண்ணைப் பார்க்கச் சொல்கிறார்; அவருக்கு அப்படி ஒரு எண் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்காபரோ குளிர்

கரவெட்டியான் அண்ணா, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் ஏற முடியாத அதே வழியில் நான் ஏறினேன். ரொறன்ரோவில் இறங்கியதும் கள்ளக் கடவுச்சீட்டை நானாகவே நீட்டி, அகதி என்று சொன்னேன். அதிகாரி அதை ஒரு கடித உறைக்குள் போட்டு ஒட்டி, மேலே என் உண்மைப் பெயரை எழுதச் சொன்னார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். வழக்கு எதுவும் வரவில்லை. இங்கே உள்ள குடிவரவுச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்படி, நேரடியாக வந்தாலும் சுற்றி வந்தாலும், அகதிக் கோரிக்கை முடியும்வரை கள்ள ஆவணத்தோடு நாட்டுக்குள் வந்ததற்காகக் குற்றம் சாட்ட முடியாது. ஏற்றுக்கொள்ளப்பட்டால் பிறகும் முடியாது. ஹீத்ரோவில் எனக்கு முன்னால் நின்ற தமிழ்ப் பெடியன் ஒருவனை வரிசையிலிருந்து விலக்கிக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய கவனம் அவன்மேல் இருந்ததால்தான் நான் ஏறினேன். அவனுக்கு எத்தனை மாதம் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது.

ஹவுன்ஸ்லோவாசி

கோப்புக்காரன் தம்பி, பதிலுக்கு நன்றி. வேலைப் பதிவேடுகள் நீதிபதியிடம் முன்பே இருந்திருக்கும் என்பது சரியாக இருக்கலாம். ஆனால் அவர் பேனாவை எடுத்தது அந்தப் பதிவேடுகளைப் பார்த்தபோது அல்ல. இன்னொரு கேள்வி. எனக்குத் தெரிந்த ஒருவர் 31ஆம் பிரிவு பற்றித் தெரியாமல், கிரவுன் நீதிமன்றம் வரை போகாமல் கீழ்மட்ட நீதவான் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டு, அங்கேயே தண்டனை பெற்றவர். பிறகு அகதி அந்தஸ்துக் கிடைத்துவிட்டது. கரவெட்டியானைப் போல அவரும் மேன்முறையீடு செய்யலாமா?

கோப்புக்காரன்

ஹவுன்ஸ்லோவாசி ஐயா, அவருக்கு அந்த வழி இல்லை. நீதவான் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர் குற்றத்தீர்ப்புக்கு எதிராகச் சாதாரண முறையில் மேன்முறையீடு செய்ய முடியாது. பர்மிங்காமில் இருக்கும் குற்ற வழக்குகள் மீளாய்வு ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை. இப்படித் தவறான ஆலோசனையில் ஒப்புக்கொண்ட அகதிகளின் வழக்குகளை அவர்கள் பலமுறை மேல் நீதிமன்றங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 2013இல் வந்த மடேட்டா தீர்ப்பை விண்ணப்பத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். சட்டத்தரணி இந்த எதிர்வாதத்தைச் சொல்லாமல் விட்டார் என்பதும், சொல்லியிருந்தால் அது வென்றிருக்கக்கூடும் என்பதும் அங்கே அலசப்பட்டிருக்கின்றன. பழைய சட்டத்தரணியிடமிருந்து கோப்பின் பிரதியை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். நிறுவனங்கள் சில ஆண்டுகளில் கோப்புகளை அழித்துவிடும்.